தொழில்: இல்லை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, "இளைஞனே எழுந்து வா!" என்று ஒரு கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன ஆண்டு மலரை எடுத்துப் புரட்டினேன். அந்த மாதிரிக் கவிதை மட்டும் ஒன்பது இருந்தது. இளைஞன் ஒன்பது தடவை எழுந்தாகிவிட்டது, பத்தாவது தடவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதனால் என் மனதில் ஆறு மாதமாகக் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பிரான்ஸ் நாட்டில் பிறந்து, 1895-ஆம் ஆண்டு இறந்துபோன ஒரு பெண் ஓவியரைப் பற்றியது. அவர் பெயர் பெர்த் மொரிசோ.

"மெக்கானிக்கல்காரனுக்கு ஏன்டா இந்த வேலை? முதல்ல அரியரை முடிக்கிற வழியைப் பாரு" என்கிறான் பக்கத்து பெஞ்ச் நண்பன். அவன் சொல்வதும் நியாயம்தான், எனக்கு இரண்டு அரியர் இருக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம் ஒரு படிவம்.

படிவத்தில் எழுதிய ஒரு வார்த்தை

நம் எல்லோருக்கும் தெரிந்த படிவம்தான், பாலிடெக்னிக்கில் சேரும்போது நிரப்பியது. எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்பு வரை போனவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான்.

வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுமை தூக்கும் தொழிலாளி’ என்று எழுதினேன். அடுத்த வரி ‘தாயாரின் தொழில்’. யோசிக்கவே இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன்.

அம்மா பக்கத்தில்தான் இருந்தார்கள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு என்னப்பா எழுதின?"

"தொழில் இல்லைன்னு எழுதியிருக்கேம்மா."

"ஆமா, நான் சும்மாதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார்கள்.

அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்குமே தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

மழைக்கு ஒதுங்கிய இடம்

போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பஸ்ஸை விட்டுவிட்டு நூலகத்தில் ஒதுங்கினேன். மேஜை மேல் அட்டை கிழிந்த பெரிய சைஸ் ஓவியப் புத்தகம் ஒன்று கிடந்தது. சும்மா புரட்டினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரிந்த ஒரே ஓவியம் என்ஜினியரிங் டிராயிங்தான். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம். கோடு தடிமனாகிவிட்டால் மார்க் போச்சு. அந்தப் புத்தகத்தில் ராஜாக்கள் இருந்தார்கள், குதிரைகள் இருந்தன, போர்க்களம் இருந்தது, துணியில்லாத தேவதைகளும் இருந்தார்கள் (அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன், நூலகர் பார்த்துக்கொண்டிருந்தார்). நடுவில் ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு தொட்டில். பக்கத்தில் ஒரு அம்மா. வேறு ஒன்றுமே இல்லை.

ஏன் அந்தப் பக்கத்தில் கை நின்றது என்று தெரியவில்லை. மழை விட்ட பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பெர்த் மொரிசோவைப் பற்றி எங்கே கிடைத்தாலும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த மொரிசோ?

1841 ஜனவரி 14-ஆம் தேதி பூர்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பெரிய அரசு அதிகாரி. வசதியான குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் டிராயிங் கற்றுக் கொடுப்பார்கள். கல்யாணச் சந்தையில் மதிப்பு கூடும் என்பதற்காக! பெர்த்துக்கும் அவருடைய அக்கா எத்மாவுக்கும் அப்படித்தான் ஓவிய வாத்தியார் வைத்தார்கள்.

அந்த வாத்தியார் ஜோசப் கிஷார் கொஞ்ச நாளிலேயே பயந்துவிட்டார். இந்தப் பெண்கள் பொழுதுபோக்கோடு நிற்க மாட்டார்கள், உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது பெரிய விபரீதம் என்று அம்மாவிடமே எச்சரித்தாராம். அம்மா படிப்பை நிறுத்தவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு வணக்கம்!

பாரிஸில் அரசாங்கத்தின் ஓவியக் கல்லூரி இருந்தது. ஆனால் பெண்களுக்கு அட்மிஷன் கிடையாது. அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்தது 1897-இல். மொரிசோ இறந்து இரண்டு வருடம் கழித்து! ஆகவே அக்காவும் தங்கையும் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அங்கேயும் தனியாகப் போக முடியாது, அம்மா கூட வர வேண்டும். 1864-ஆம் ஆண்டு ‘சலோன்’ என்ற அதிகாரபூர்வமான கண்காட்சியில் இரண்டு பேர் படங்களும் தேர்வாயின. அப்போது பெர்த்துக்கு வயது 23.

அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் நமக்கு நன்றாகப் புரியும். 1870-இல் சலோனுக்கு அனுப்ப, அம்மாவும் அக்காவும் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். புகழ்பெற்ற ஓவியர் எதுவார் மானே (இவர் வேறு, மோனே வேறு. நானும் முதலில் குழம்பினேன்) வீட்டுக்கு வந்து பார்த்தார். பாவாடையின் அடிப்பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்கிறேன் என்று தூரிகையை எடுத்தார். எடுத்தவர் வைக்கவே இல்லை. பாவாடையிலிருந்து சட்டை, சட்டையிலிருந்து முகம் என்று மேலே போய்க்கொண்டே இருந்தார். ‘உதவி’தான் செய்தார்! படம் சலோனில் இடம்பெற்றது. மொரிசோவுக்கோ நெஞ்சு வெடித்துவிட்டது. சப்மிஷனுக்கு முந்தின நாள் உங்கள் ஷீட்டை சீனியர் ஒருவர் வாங்கி ‘திருத்தி’க் கொடுத்தால் எப்படி இருக்கும்? மார்க் வரும், ஆனால் ஷீட் உங்களுடையது இல்லையே!

1874 ஏப்ரல் 15-ஆம் தேதி, சலோனை நம்பி இருக்க வேண்டாம் என்று முடிவு செய்த சுமார் 30 கலைஞர்கள் சேர்ந்து, பாரிஸில் நாதார் என்ற புகைப்படக்காரர் முன்பு வைத்திருந்த ஸ்டுடியோவில் சொந்தமாகக் கண்காட்சி நடத்தினார்கள். மோனே, ரென்வார், தெகா, பிஸ்ஸாரோ ஆகியோருடன் மொரிசோவும் படம் வைத்தார். மோனேயின் சூரிய உதயப் படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரர் ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்று கிண்டல் செய்தார். கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது. 1876-இல் இன்னொரு விமர்சகர், ஐந்தாறு பைத்தியங்கள், அதில் ஒன்று பெண் என்ற பொருளில் எழுதினார். மொத்தம் நடந்த எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் மொரிசோ பங்கேற்றார். விட்டது 1879-இல் ஒன்றுதான். அதற்குச் சற்று முன்புதான் மகள் ஜூலி பிறந்திருந்தாள்.

தொட்டிலும் ஒரு சூத்திரமும்

இப்போது நான் நூலகத்தில் பார்த்த படத்துக்கு வருகிறேன். பெயர் ‘தொட்டில்’. 1872-இல் வரைந்தது. 56 சென்டிமீட்டர் உயரம், 46 சென்டிமீட்டர் அகலம். நம் டிராயிங் ஷீட்டைவிடச் சின்னது. இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழந்தை தூங்குகிறது. மேலே மெல்லிய வெள்ளைத் திரை. அம்மா ஒரு கையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு குழந்தையையே பார்க்கிறாள். இன்னொரு கை அந்தத் திரையைப் பிடித்திருக்கிறது. குழந்தையின் கையும் அம்மாவின் கையைப் போலவே மடங்கி இருக்கிறது. திரை நமக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கிறது. ‘சத்தம் போடாதே, தள்ளி நில்’ என்று நம்மிடம் சொல்வது போல இருக்கும்.

அந்தப் பெண் யார் தெரியுமா? எத்மா! பெர்த்தின் அதே அக்கா. அதே வாத்தியாரிடம் படித்து, அதே சலோனில் படம் வைத்த அதே ஓவியர். 1869-இல் ஒரு கடற்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனார். அதோடு அவருடைய ஓவிய வாழ்க்கை நின்றுபோனது. தங்கைக்கு எழுதிய கடிதங்களில், உன் ஸ்டுடியோ நினைப்பாகவே இருக்கிறது என்று ஏங்கியிருக்கிறார். தொட்டிலில் தூங்குவது அவர் மகள் பிளான்ஷ்.

இது தெரியாமல் பார்த்தால், ‘ஆகா, தாய்மையின் அழகு!’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். தெரிந்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த முகத்தில் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. கூடவே அலுப்பு இருக்கிறது, ஏதோ யோசனை இருக்கிறது. தூரிகை பிடித்த கை இப்போது திரையைப் பிடித்திருக்கிறது.

அப்ளைடு பிசிக்ஸில் நாம் படித்த சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? வேலை = விசை × நகர்ந்த தூரம். தூரம் பூஜ்யம் என்றால் வேலையும் பூஜ்யம். இந்தச் சூத்திரப்படி எத்மா செய்யும் வேலை பூஜ்யம். அசையாமல் உட்கார்ந்துதானே இருக்கிறார்! ஆனால் ஒரு கம்பெனியில் பாய்லர் அட்டெண்டர் உட்கார்ந்து கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரைச் சும்மா இருக்கிறார் என்று சொல்வோமா? அது டியூட்டி. கவனித்துக்கொண்டு இருப்பதே அவர் வேலை. எத்மாவும் டியூட்டியில்தான் இருக்கிறார். ஷிப்ட் முடியும் மணி மட்டும் அவருக்கு அடிப்பதில்லை.

1874 கண்காட்சியில் இந்தப் படத்தை யாரும் வாங்கவில்லை. குடும்பத்திலேயே கிடந்தது. 1930-இல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் வாங்கியது.

வீட்டின் வெட்டுத்தோற்றம்

ஒரு வார்ப்படத் துண்டை வெளியிலிருந்து எத்தனை பக்கம் பார்த்தாலும் உள்ளே இருக்கும் துளையும் பள்ளமும் தெரியாது. அதற்காகத்தான் செக்‌ஷனல் வியூ வரைகிறோம். பாதியை வெட்டி எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைக் காட்டுகிறோம். மொரிசோ செய்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. மோனே 1877-இல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் என்ஜின் புகையை வரைந்தார். மானேயும் தெகாவும் காபிக் கடையை, நாடகக் கொட்டகையை வரைந்தார்கள். மொரிசோ குடும்பத்துப் பெண் தனியாகக் காபிக் கடைக்குள் போக முடியாது. அவர் வீட்டை வெட்டித் திறந்து காட்டினார்.

1875-இல் துணி காயப்போடும் பெண்களை வரைந்தார். இடம் பாரிஸுக்கு வெளியே உள்ள ஜென்வில்லியே. படம் ஒரு முழம்கூட இருக்காது, 33-க்கு 41 சென்டிமீட்டர். வெள்ளை வெள்ளையாகத் துணிகள், ஒரே வீச்சில் இழுத்த தூரிகைத் தடங்கள். பெண்களின் முகம் தெரியாது. வேலைதான் தெரியும். துவைத்த துணி என்றால் நமக்குத் தெரிவது இஸ்திரி போட்ட சட்டை மட்டும். அதற்கு முன்னால் குனிவதும் பிழிவதும் தூக்குவதும் உதறுவதும் இருக்கிறது.

1886-இல் ‘சாப்பாட்டு அறையில்’ என்று ஒரு படம். வெள்ளை ஏப்ரன் கட்டிய இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். பின்னால் அலமாரிக் கதவு திறந்தபடியே இருக்கிறது. காலடியில் ஒரு சின்ன நாய். வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, ‘என்ன வேணும்?’ என்று நம்மைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. விருந்தாளி வரும்போது காட்டும் வீடு இது இல்லை. விருந்தாளி வருவதற்கு முந்தைய வீடு.

இவருக்குத் தனி ஸ்டுடியோகூடப் பல காலம் கிடையாது. பின்னாளில் கட்டிய வீட்டிலும் விருந்தினர் கூடும் ஹாலேதான் ஸ்டுடியோ. வரைகிற இடத்திலேயே குழந்தை விளையாடும், ஆட்கள் வந்து போவார்கள். அவருடைய தூரிகை வேகமாக ஓடியதற்கு வெளிச்சம் மாறிவிடும் என்பது ஒரு காரணம். குழந்தை எழுந்து ஓடிவிடும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

பால் கொடுக்கும் பெண்

இனி வரும் படம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

மகள் பிறந்ததும், அந்தக் கால வசதியான வீட்டு வழக்கப்படி, மொரிசோ பால் கொடுக்க ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அந்தப் பெண் தன் குழந்தை ஜூலிக்குப் பால் கொடுப்பதை 1880 வாக்கில் படமாக வரைந்தார். படத்தின் தலைப்பிலேயே அவள் பெயர் இருக்கிறது: ஆஞ்ஜேல்.

பிரான்சில் அது ஒரு பெரிய தொழிலாகவே இருந்தது. மோர்வான் போன்ற ஏழைப் பகுதிகளிலிருந்து பெண்கள் தங்கள் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டுப் பாரிஸுக்கு வந்து, பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். கூலிக்குப் பால் கொடுக்கும் பெண்களிடம் விடப்படும் குழந்தைகளைப் பாதுகாக்க 1874-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

இப்போது அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் சம்பளத்துக்குப் பால் கொடுக்கிறாள். எதிரே குழந்தையைப் பெற்றவள் உட்கார்ந்து, கண்காட்சிக்கும் விற்பனைக்கும் படம் வரைகிறாள். இரண்டு பேரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்! ஒரு குழந்தையைச் சுற்றி இரண்டு தொழிலாளிகள். தாய்ப்பால் என்றதும் நாம் புனிதம், தெய்வீகம் என்று பேசுவோமே, அதற்கு மாதச் சம்பளம் இருந்தது, சட்டம் இருந்தது. பணம் கொடுத்தால்தான் அது ‘தொழில்’. தன் குழந்தைக்குக் கொடுத்தால் ‘சும்மா இருக்கிறாள்’. இது என்ன கணக்கு?

எதிர்ப்பேச்சு

இந்தக் கட்டுரையை வகுப்பில் இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு எதிர்ப்புகள் வந்தன. இரண்டும் நல்ல எதிர்ப்புகள்.

முதல் எதிர்ப்பு: "அவங்க பணக்காரி. வேலைக்காரி வச்சிருந்தாங்க. வேலை செய்யறவளைப் பார்த்துப் படம் போடறது சுலபம். உங்க அம்மாவுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" உண்மைதான். துணி துவைத்தது மொரிசோ இல்லை. ஆஞ்ஜேல் படம் வரைந்திருந்தால் அதில் அவளுடைய சொந்தக் குழந்தை இருந்திருக்கலாம். மொரிசோ ஏழைப்பங்காளர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வீடுகளில் எத்தனையோ பேருக்கு வேலைக்காரி கண்ணில் பட்டதே இல்லை. இவர் கண்ணில் பட்டாள், படத்தின் நடுவிலும் வந்தாள். என் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஏழை வீட்டுப் பையன்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தபோதும் எனக்குக் கண் தெரியவில்லையே!

இரண்டாவது எதிர்ப்பு எங்கள் வகுப்புத் தோழி ஒருவரிடமிருந்து வந்தது. "வீட்டு வேலை உயர்ந்ததுன்னு நீங்க ஆம்பளைங்க கட்டுரை எழுதுங்க. கடைசியில எங்களைப் படிப்பை நிறுத்திட்டு அதையே செய்யச் சொல்லுவீங்க." இந்த எதிர்ப்புக்கு நான் தலைகுனிகிறேன். வீடுதான் பெண்ணுக்கு இடம் என்று சொல்ல இந்தப் படங்களை யாராவது எடுத்துக்கொண்டால், தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எத்மாவின் முகமே அவர்களுக்குப் பதில் சொல்லும். மொரிசோவே 1890 வாக்கில் தன் குறிப்பேட்டில், எந்த ஆணும் தன்னைச் சமமாக நடத்தியதாகத் தெரியவில்லை, தான் கேட்டது அதை மட்டும்தான் என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். வேலையை வேலை என்று ஒத்துக்கொண்டால்தான் அதைப் பங்கு போட முடியும். அது அன்பு, தியாகம், தெய்வம் என்று சொல்லிவிட்டால் பங்கு கேட்க ஆள் வராது.

பங்கு போட்ட ஓர் ஆணும் அவர் படத்தில் இருக்கிறார். 1874 டிசம்பரில் மொரிசோ மணந்தது எதுவார் மானேயின் தம்பி யூஜேன் மானேயை. 1881-இல் பூழிவால் என்ற ஊரில் தோட்டத்து பெஞ்சில் யூஜேன் உட்கார்ந்து, மடியில் விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக்கொள்வதை வரைந்தார். அப்பா குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அம்மா தொழில் செய்கிறார்! 1882 கண்காட்சியின்போது மொரிசோ ஊரில் இல்லை. படங்களை மாட்டும் வேலையைக் கவனித்துக்கொண்டதும் அந்தக் கணவர்தான்.

இறப்புச் சான்றிதழ்

யூஜேன் 1892-இல் காலமானார். 1895-இல் மகள் ஜூலிக்கு ஃபுளூ காய்ச்சல். மொரிசோ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். மகள் பிழைத்தாள். தாய்க்கு நோய் தொற்றி நிமோனியாவானது. 1895 மார்ச் 2-ஆம் தேதி இறந்தார். வயது 54. மகளுக்கு 16.

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும்போது ஒருவர் இறந்தால் அது பணியிட விபத்து. பதிவு செய்வார்கள், விசாரணை வரும், நஷ்ட ஈடு கேட்போம். மொரிசோ இறந்ததும் வேலை பார்க்கும்போதுதான். நோயாளியைக் கவனிக்கும் வேலை.

ஆனால் அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா?

‘தொழில் இல்லை.’

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 400-க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்தவர். ஏழு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் பங்கேற்றவர். 1892-இல் தனியாகக் கண்காட்சி நடத்தியவர். 1894-இல் பிரான்ஸ் அரசாங்கமே அவர் படம் ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருந்தது. அவருக்குத் தொழில் இல்லை! பாஸி என்ற இடத்துக் கல்லறையிலும் அவர் பெயருக்குக் கீழே ‘யூஜேன் மானேயின் விதவை’ என்றுதான் இருக்கிறது. ஓவியர் என்று இல்லை.

அடுத்த ஆண்டு, 1896 மார்ச்சில், தெகா, மோனே, ரென்வார், கவிஞர் மலார்மே ஆகிய நண்பர்கள் ஜூலியோடு சேர்ந்து அவர் படங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார்கள். 2013-இல் அவருடைய படம் ஒன்று லண்டன் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போனது. 2019-இல் ஓர்சே அருங்காட்சியகம் அவருக்காகவே பெரிய கண்காட்சி நடத்தியது. அந்தச் சான்றிதழை எழுதிய பேனா எங்கே போனதோ! ஆனால் எழுதியவரை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவர் யோசித்திருக்க மாட்டார். கட்டத்தை நிரப்பியிருப்பார். நானும் அப்படித்தானே நிரப்பினேன்?

நம் கையில் இருக்கும் பேனா

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒர்க் ஸ்டடி பாடத்தில் படித்த மாதிரி நோட்டில் கட்டம் போட்டு, அம்மா செய்வதை நேரத்தோடு குறித்தேன். விடியற்காலை 4.40-க்குத் தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பம். இரவு 9.50-க்குப் பாட்டிக்கு மாத்திரை கொடுத்து, கதவைச் சாத்துவதில் முடிவு. உட்கார்ந்த நேரம் என்று நான் குறித்தவை நான்கு. அதில் மூன்றில் கை ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருந்தது. "என்னப்பா, என்னையே பார்த்துப் பார்த்து எழுதுற?" என்று கேட்டார்கள். "பாடம்மா" என்றேன். பொய் இல்லை.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவம் வந்தது. அதே கட்டம். அம்மாவிடம் கேட்டேன். "சோறாக்குறதெல்லாம் ஒரு தொழிலாப்பா?" என்று சிரித்தார்கள். நான் கொஞ்ச நேரம் யோசித்து, ‘வீட்டுப் பராமரிப்பு’ என்று எழுதினேன். நம் மொழியில் சொன்னால் மெயின்டெனன்ஸ். எந்தத் தொழிற்சாலையிலும் மெயின்டெனன்ஸ் செக்‌ஷனை ‘சும்மா’ என்று சொல்லிப் பாருங்கள், நடப்பது தெரியும்! படிவத்தை வாங்கியவர், "என்ன தம்பி இது புதுசா இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை, சிரித்துவிட்டு வந்தேன். இன்று இந்தக் கட்டுரையில் பதில் சொல்லிவிட்டேன்.

வீட்டில் அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "கையெழுத்து எங்கப்பா போடணும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அன்று ராத்திரி என் தட்டை நானே கழுவினேன். ஒருநாள் தட்டுக் கழுவினால் புரட்சி வந்துவிடாது என்று எனக்குத் தெரியும். மறுநாள் மறந்துவிட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மறுநாள் ஞாபகம் வந்தது.

தோழர்களே! நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆவோம், ஜூனியர் என்ஜினியர் ஆவோம். எத்தனையோ படிவங்கள் நம் கையால் நிரம்பும். ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம். நம் வீடுகளில் எழுதத் தெரிந்த முதல் கை நம் கை. அந்தக் கட்டம் வரும்போது ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துங்கள். தோழியரே, உங்கள் பெயருக்கு நேரே யாரும் ‘இல்லை’ என்று எழுத விடாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள்.

எப்போதாவது மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினால் அந்த அட்டை கிழிந்த புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். தொட்டில் இருக்கும் பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று இருக்கும். நான் வைத்த அடையாளம்தான்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் பேரவை!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை